புது பேட்டரி போட்டும் பைக் ஹெட்லைட் மங்கலா? ஆர்ஆர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

ஒரு பைக்கில் புது பேட்டரி போட்டதும் எல்லாம் சரியான மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாளில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. ஹெட்லைட் மஞ்சளடிக்கிறது, பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் இழுத்து இழுத்து எரிகிறது, காலையில் செல்ஃப் அடித்தால் 'டக்' சத்தத்தோடு சரி. புது பேட்டரி தன் சேமிப்பைச் செலவழித்து சார்ஜிங் கோளாறைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

பேட்டரி கடையில், "12.6 வோல்ட் காட்டுதே சார், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். சர்வீஸ் சென்டரில், "ஒயரிங் கிட்டையே மாத்திடலாம்ணே" என்றார்கள். இன்ஜினை ஓடவிட்டு, லைட் எரியும்போது மீட்டர் வைக்க இரண்டு இடத்திலும் யாருக்கும் பொறுமை இல்லை. இன்னொரு மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கப் போனார். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். வோல்டேஜ் எகிறி ஆர்ஆர் யூனிட் (ஏசியை டிசியாக்கி வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்), வண்டியின் மீட்டர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எது வேண்டுமானாலும் போகும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி டெர்மினலில் அளந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 4000 முதல் 5000 ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் போச்சு. பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் அதனால்தான். இந்த வண்டியில் ஹெட்லைட் எரியும்போது 12.3தான் வந்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் இல்லை என்பதால் பல்பு கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) பிடுங்கிவிட்டு அளந்தேன்: 13.1. 35 வாட் பல்பு இழுக்கும் 3 ஆம்பியரைக்கூட சார்ஜிங் தாங்கவில்லை.

அடுத்தது, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் மேக்னட் காயில். அதிலிருந்து ஆர்ஆர் யூனிட்டுக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயர் கப்ளரைக் கழற்றி, ஏசி 200 வோல்ட்டில், காயில் பக்கத்துப் பின்களை ஜோடி ஜோடியாக அளக்க வேண்டும். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வர வேண்டும், வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு எந்தப் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. காயில் நல்லது என்றதும் ஆர்ஆர் யூனிட் வாங்க ஓடத் தோன்றும். ஓடாதீர்கள்.

கையிலிருந்த கப்ளரைத் திருப்பிப் பார்த்தால், மூன்று பின்களில் ஒன்று கருகி நீலம் பாய்ந்திருந்தது. அதைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. மாட்டியிருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. கப்ளரைக் கழற்றி அளக்கும்போது கோளாறான இணைப்பே கணக்கில் வருவதில்லை, அதனால் காயில் சுத்தமாகத்தான் காட்டும். பின் தளர்ந்து, தண்ணீர் இறங்கி, பச்சை பூத்து, ரெசிஸ்டன்ஸ் ஏறிச் சூடாகும்; சூட்டில் இன்னும் தளரும்.

கருகிய ஒயரைப் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, அதே அளவு புதுக் கப்ளர் போட்டு, பின்களைக் கிரிம்ப் செய்து (ஒயரோடு நசுக்கி இறுக்கி), சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் மாட்டினால் போதும். மூன்று மஞ்சள் ஒயருக்கும் வரிசை கிடையாது. முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். சூட்டில் பசை இளகி அடுத்த மழையில் கழன்றுவிடும்.

லைட் எரியும்போதே 14.2 வந்தது. அப்படியும் வெளிச்சம் போதவில்லை. பல்பு ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.8 வோல்ட் நின்றது, 0.2க்கு மேல் இருக்கக் கூடாது. டேங்குக்கு அடியில் எர்த் போல்ட்டில் துரு. உப்புத்தாள் தேய்த்து இறுக்கியதும் வெள்ளையாக எரிந்தது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

மங்கலுக்கு மருந்தாக 60/55 வாட் (ஹை/லோ பீம்) பல்பு போடச் சொல்வார்கள். 35/35 ஹோல்டரில் அதைப் போட்டால் அடுத்து உருகுவது ஹோல்டர்தான். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள் சுற்றுவதும் வேண்டாம். ஃபியூஸுக்குப் பதில் ஒயரிங் எரியும். வாட்டர் வாஷில் சீட்டுக்கு அடியில் ஜெட் அடிக்கவும் விடாதீர்கள், கப்ளருக்குள் தண்ணீர் இறங்கும்.