அகழான் தமிழ் கதைக்குமா?

"அம்மா, மோல் தமிழ் கதைக்காது. அதைத் தமிழ் கதைக்கப் பண்ணாதேங்கோ."

போன மார்கழியில் ஒரு இரவு என் எட்டு வயது மகள் இப்படிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருக்கிற ஒருவருக்குச் சொல்லுவது போல, மெதுவாக, எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னாள். அதுதான் கூடச் சுட்டது.

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. ஸ்னோ அள்ளப் பழகிவிட்டது, நாலரை மணிக்கே இருட்டுவது பழகிவிட்டது, ஊரில் இருந்து யாராவது "அங்கே எப்படி" என்று கேட்டால் நல்லாயிருக்கிறோம் என்று சொல்லுவேன், அது பொய்யும் இல்லை. ஆனால் அன்றிரவு புத்தகத்தை மூடி விளக்கை அணைத்த பிறகு நித்திரை வரவில்லை.

அது கென்னத் கிரஹாம் எழுதிய 'தி விண்ட் இன் த வில்லோஸ்'. 1908இல் வந்த புத்தகம், பன்னிரண்டு அத்தியாயம். அவர் அந்தக் கதையை முதலில் தன் சின்ன மகனுக்குப் படுக்கை நேரத்தில்தான் சொன்னாராம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழுகிற ஒரு மோல், ஒரு தண்ணீர் எலி, ஒரு பாட்ஜர், கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு தேரை. தேரை கார் திருடிச் சிறைக்குப் போய், உடுப்புத் தோய்க்கிற பெண்ணின் வேடத்தில் தப்பி வரும். பழைய ஆங்கிலம், நீளமான வசனங்கள், பிள்ளைக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மோலுக்கு அகழான் என்று பேர் வைத்தேன். எங்கள் அகழான் வேறு பிராணிதான், இராசவள்ளிக் கிழங்கை அடியோடு அரித்துவிட்டுப் போகிற எலிச் சாதி. ஆனால் மண்ணுக்குள் வளை தோண்டி இருக்கிற ஒருவருக்கு என் வாயில் வந்த பேர் அதுதான். தேரை தமிழில் "வழியை விடுங்கோ, நான் வாறன்" என்று கத்தியபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் மேலே சொன்ன வசனம் வந்தது.

அவளில் பிழை இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து கிழமைக்கு இரண்டு புத்தகம் கொண்டு வருகிறாள். எல்லாவற்றிலும் எலியும் முயலும் நரியும் ஆங்கிலத்தில்தான் கதைக்கின்றன. தமிழ் அவளுக்கு அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சரும் கதைக்கிற மொழி. மனிசர் மட்டும் கதைக்கிற மொழி.

எனக்கோ அது தலைகீழ். எங்கள் ஊரில் பேசுவதற்கே கதைப்பது என்றுதான் சொல்லுவோம். பல்லி சத்தம் போடுவதில்லை, 'சொல்லும்'. அது சொன்னால் பெரியவர்கள் கதையை நிறுத்திவிட்டு எந்தத் திசையில் இருந்து சொன்னது என்று பார்ப்பார்கள். சனிக்கிழமை விரதச் சோற்றை வைத்துக் கூப்பிட்டால் காகம் வந்துதான் பிறகு நாங்கள் சாப்பிடலாம். வயல் பக்கம் யார் நடந்தாலும் ஆட்காட்டிக் குருவி ஊருக்கே அறிவித்துவிடும். இத்தனை பேர் கதைத்துக்கொண்டிருந்த முற்றத்தில் வளர்ந்தவள் நான்.

ஆனால் அவளுக்குப் பதில் சொல்லப் புத்தகம் தேடியபோது எனக்கு வேறொன்று விளங்கியது. டொரொன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, நான் போன கிளையில் தட்டுத் தட்டாகப் பார்த்தேன். பஞ்சதந்திரம் இருந்தது, ஈசாப் இருந்தது, படம் போட்ட சின்னப் புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் மிருகங்கள் கதைக்கின்றன, ஆனால் ஒரு பக்கம், மிஞ்சிப் போனால் இரண்டு பக்கம். நரி வரும், ஏமாற்றும், நீதி வரும், கதை முடிந்துவிடும். நரிக்கு ஒரு வீடு இருந்ததா, மழைக்கு அது எங்கே ஒதுங்கியது, அதற்கு யாரில் விருப்பம், எதற்குப் பயம், ஒன்றும் தெரியாது. வடை போன பிறகு காகம் அன்று பின்னேரம் என்ன செய்தது? ஒருவரும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளை பத்து நாள், இருபது நாள் கூடவே வாழக்கூடிய ஒரு மிருகம் அந்தத் தட்டுகளில் இல்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இவ்வளவு பழைய மொழி, இவ்வளவு கதை, பிள்ளைக்கு ஒரு ஆட்டுக்குட்டியின் நூறு பக்கம் கிடையாதா?

அடுத்த கிழமை ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தோம். அகழான் தன் வளையை விட்டு வெளிக்கிட்டு ஆற்றங்கரையில் எலியோடு சந்தோசமாக இருக்கிறது. மார்கழி மாத இருட்டில் இருவரும் நடந்து போகிறார்கள். திடீரென்று அகழானுக்கு ஒரு மணம். கைவிட்டு வந்த பழைய வீட்டின் மணம். முன்னால் போகிற எலிக்கு அது கூப்பிடுவது கேட்கவில்லை. நண்பனை விட மனமில்லாமல் அந்த மணத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுகிறது, கொஞ்சத் தூரம் போய் ஒரு மரக்கட்டையில் குந்தி விம்மி விம்மி அழுகிறது. அந்த இடத்தில் எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. மகள் புத்தகத்தை என் கையில் இருந்து வாங்கித் தானே வாசித்து முடித்தாள். எலி திரும்பி வந்து, நடந்த வழியெல்லாம் மறுபடி நடந்து, அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அவள் அதை வாசிக்க வாசிக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் வெயில் எட்டிப் பார்த்ததும் அவளை ரிவர்டேல் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நகரசபை நடத்துவது, நகரத்தின் நடுவில் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. ஆடுகளைக் காண முதலே மணம் வந்துவிட்டது. புழுக்கையும் ஈர மயிரும் கலந்த மணம். நான் நின்றுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊர் இணுவிலில் அம்மம்மாவிடம் ஒரு மறியாடு இருந்தது, பேர் வெள்ளைச்சி, காது இரண்டும் தொங்கும். யுத்தம் நடந்த, பொருளாதாரத் தடைக் காலம், ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு எரித்த விளக்கு. அதையும் எட்டு மணிக்கு அணைத்துவிடுவோம். அதன் பிறகு இருட்டில் அம்மம்மா கொட்டிலில் இருந்து ஆட்டோடு கதைப்பது கேட்கும். இன்றைக்குச் சங்கக் கடையில் என்ன கொடுத்தார்கள், யார் வீட்டில் யார் வந்தார்கள், உனக்கு நாளைக்கு எங்கே குழை ஒடிக்கிறது. நேற்று விட்ட இடத்தில் இருந்து இன்று தொடங்குவா. வெள்ளைச்சி இடையில் ஏதோ சொல்லும், அம்மம்மா "அது சரியடி" என்பா. எனக்குக் கிடைத்த அத்தியாயங்கள் அவை.

1995 ஐப்பசி, 30ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, இணுவில் இருக்கிற வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. அம்மம்மா தொட்டி நிறையத் தண்ணீர் விட்டா, கிளுவைக் கொப்புகளை வெட்டிக் குவித்தா, கயிற்றை அவிழ்த்தா. "பத்து நாளில வந்திடுவம், வீட்டைப் பாத்துக்கொள்ளடி." வெள்ளைச்சி படலையைத் தாண்டி ஒழுங்கை முடக்கு மட்டும் எங்கள் பின்னால் வந்தது. எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தில் ஆளோடு ஆள் நெருக்கி நின்ற நேரம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அடுத்த சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தபோது கொட்டிலுக்குக் கூரை இல்லை, கயிறு மட்டும் கிடந்தது. அம்மம்மா பிறகு ஆடு வளர்க்கவில்லை.

பண்ணையில் இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் இதை மகளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. "பிறகு?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். "அது எங்களுக்கு முடிஞ்சது. வெள்ளைச்சிக்குப் பிறகு என்ன நடந்தது?"

அன்றிரவு தொடங்கியது, இப்போது பதினோராவது அத்தியாயம். முடக்கில் இருந்து தனியாகத் திரும்பிப் போன வெள்ளைச்சி, ஆளில்லாத ஊரில் என்ன செய்தது என்பதுதான் கதை. கூட ஒரு நொண்டி நாய் சேர்ந்திருக்கிறது, கிணற்றுக்கட்டுப் பல்லி வழி சொல்லுகிறது, ஒரு அகழானும் வந்துவிட்டது, மகள் கேட்டுச் சேர்த்தது. எல்லோரும் தமிழ்தான். ஒரு நாள் வெள்ளைச்சியை நான் அவசரத்தில் புத்தகத் தமிழில் கதைக்க விட்டபோது, "அம்மா, அது அம்மம்மாவோட இருந்த ஆடு, அப்பிடிக் கதைக்காது" என்று நிறுத்தினாள்.

குழை விசயத்தில் ஊரில் இருக்கிற என் அம்மாதான் திருத்துவா. வெள்ளைச்சி பூவரசங்குழையை மணந்துவிட்டு விட்டுவிடுமாம், நான் மூன்று அத்தியாயமாக அதைத்தான் தின்னக் கொடுத்திருந்தேன். நேற்று எல்லோரும் மருதனார்மடம் சந்தி மட்டும் வந்துவிட்டார்கள், மழை பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கு மழை ஆகாது. பூட்டிக் கிடக்கிற சந்தையில் எந்தப் பக்கம் ஒழுகாமல் இருந்தது என்று அம்மாவைக் கேட்க வேண்டும். இங்கே ஏழரை, மகள் பல்லுத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே விடிய ஐந்து மணி, அம்மா எழும்பியிருப்பா.