வாங்கும் முன் வீட்டைத் தட்டிப் பார்த்தவர்

பல ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டுப் பெருநகரத்துக்கே திரும்புவது என்று முடிவானதும், எங்கள் வசதிக்கு எட்டியது அடுக்குமாடிக் குடியிருப்பில் மறுவிற்பனைக்கு வந்த பழைய வீடுதான். பழைய வீடு என்றால் பழுதும் சேர்த்தே விலைக்கு வருகிறது. எந்தப் பழுது, எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. உள்ளூரிலேயே இருப்பவர்கள் ஒரு மழைநாளில் போய்ப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். தொலைவிலிருந்து வந்து போகிற எங்களுக்கு அதற்கெல்லாம் வழியில்லை. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டடச் சர்வேயர் ஒருவரை அமர்த்தினோம். நிலம் அளப்பவரை அல்ல, கட்டடத்தின் நிலையைச் சோதித்து அறிக்கை தருபவரை.

தரகர் தாமாகவே ஒருவரைச் சிபாரிசு செய்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். வீடு விற்றால்தான் தரகருக்குக் கூலி. அவர் கைகாட்டும் ஆள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அடுத்த வேலைக்கும் அவரையே நம்பியிருப்பவர். நாங்களே தேடிய சர்வேயரிடம் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொண்டோம். கட்டணம் வீட்டு விலையில் விழுக்காடாக இல்லாமல் ஒரே தொகையாக இருக்க வேண்டும். அறிக்கை படங்களோடு எழுத்தில் வர வேண்டும். எதையெல்லாம் பார்க்க மாட்டார் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கவே இல்லை. சுவரை உடைத்துப் பார்க்க மாட்டேன், பத்திரங்களைப் பார்ப்பது வழக்கறிஞர் வேலை, நகர்த்த முடியாத அலமாரிக்குப் பின்னால் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். அந்தப் பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சோதனையின்போது கூடவே இருங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. அறிக்கையில் ஒரு வரியாக வருவது நேரில் ஒரு பாடமாகவே கிடைக்கிறது. கூடத்தில் உத்தரத்துக்குக் கீழே நீளமாக ஓடிய ஒரு விரிசல் எங்களை மிகவும் கலங்க வைத்திருந்தது. அவர் அதன் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. "கான்கிரீட்டும் செங்கல்லும் சேருமிடம் இது. வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரியாது. பூச்சுதான் வெடித்திருக்கிறது, வலையடித்துப் பூசினால் போதும். மூலைவாட்டில் படிக்கட்டுப் போல ஏறி, ஒரு முனையில் அகன்றுகொண்டே போகிற விரிசலைப் பார்த்தால் பயப்படுங்கள்" என்றார்.

படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட். அதன் மறுபக்கம் குளியலறை. ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அவர் உடனே அந்தச் சுவரில் அழுத்தவில்லை. முதலில் காய்ந்த உட்சுவர் ஒன்றில் அளவெடுத்தார். ஊசிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்துத்தான் கருவி ஈரத்தைக் கணிக்கிறதாம். சுவரில் உப்பு இருந்தாலும் எண் கூடிவிடும் என்பதால் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். புதுப் பெயிண்ட் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை எண் எகிறியது. அதற்கு மேல் சாதாரணமாக இருந்தது. குழாய் உடைப்பாக இருந்தால் ஈரம் குழாய் போகும் வழியில் தெரியும், இது குளியலறைத் தரையிலிருந்து ஏறும் ஈரம் என்று கணித்தார். கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு அவர்கள் குளியலறையின் கூரையைப் பார்த்தபோது அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேல் வீட்டைச் சோதிக்கக் கீழ் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

ஆனால் அன்றைய பெரிய கண்டுபிடிப்பு பால்கனிதான். அடிப்பக்கத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று, அவ்வளவுதான். சிறிய சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை அந்தக் கோட்டருகே வந்ததும் பொத்தென்று மாறியது. கேட்டவுடன் எனக்கே வித்தியாசம் புரிந்தது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. அப்படிப் பிளந்த இடம்தான் பொத்தென்று ஒலிக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் முக்கியமான கம்பிகள் மேற்பக்கம் இருப்பவை. அவற்றின் நிலை தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் பலகையில் இல்லை, ஒரு பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை, சுவருக்குச் சுவர் அளந்த பரப்பு விளம்பரத்தில் சொன்னதைவிடக் குறைவு.

அறிக்கையில் உடனே செய்ய வேண்டியவை, தள்ளிப்போடக் கூடியவை, கவனித்து வர வேண்டியவை என்று பிரித்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது விலைப் பேச்சின் போக்கே மாறிவிட்டது. "பழைய வீடு சார், அப்படித்தான் இருக்கும்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த உரிமையாளர், பக்கத்தையும் படத்தையும் காட்டியதும் குளியலறைச் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். பால்கனியின் கான்கிரீட் கட்டடத்தின் பொதுக் கட்டமைப்பில் சேர்ந்தது என்பதால் குடியிருப்போர் சங்கத்திடம் போக வேண்டியிருந்தது. சங்கம் பழுது பார்த்து முடித்த பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

பால்கனி வேலை தொடங்கியதும் சர்வேயரையே மறுபடி வரவழைத்தோம், இதற்குத் தனிக் கட்டணம். துருவைச் சுரண்டிய கம்பிகளையும் புதிதாகச் சேர்த்த கம்பிகளின் நீளத்தையும், மேலே கான்கிரீட் மூடுவதற்குள் அவர் பார்த்தாக வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கம்பியின் இணைப்பு போதாது என்று நிறுத்தி மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். படங்களோடு அவருடைய இரண்டாவது கடிதம் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.