54 ஆட்டம் பாக்கி: யூரோலீக் 2019–20 நாட்குறிப்பு

2020 மார்ச் 3, செவ்வாய்

ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைக் கூடைப்பந்துப் போட்டியான யூரோலீக்கில், மிலான் நகரின் மீடியோலானம் ஃபோரம் அரங்கில் இன்று மிலான் அணியோடு ரியல் மாட்ரிட் விளையாடியது. பார்வையாளர் என்று ஒருவர்கூட உள்ளே இல்லை. மிலான் இருக்கும் லொம்பார்டி பகுதியில் கொரோனா தொற்று பரவிக்கொண்டிருப்பதால் கதவைச் சாத்திவிட்டு ஆட்டத்தை நடத்தியிருக்கிறார்கள்.

ஆளில்லாத அரங்கு என்றால் சத்தம்தான் குறையும் என்று நினைப்போம். உண்மையில் கூடும். ஷூ தேய்கிற கிறீச்சொலி, பந்து தரையில் விழும் 'தொம்', பெஞ்சிலிருந்து வரும் அதட்டல் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். பயிற்சியாளர்களுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. கூட்டம் கத்துகிற அரங்கில், ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு விரலைக் காட்டித்தான் அடுத்த நகர்வைச் சொல்வார். காலி அரங்கில் அதன் பெயரை வாயால் சொன்னால் எதிரணிக்கும் காதில் விழும். வீடியோ பார்த்துத் தயாராகி வந்த தடுப்பாட்டக்காரர், ஸ்க்ரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) எந்தப் பக்கம் வரும் என்று கூட்டாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 விநாடியில் 3, 4 விநாடி இப்படியே வீணாகும்.

வியாழனன்று மிலான் அணி வலென்சியாவுக்குப் போகிறது. அந்த ஆட்டமும் பூட்டிய அரங்கில்தான் என்று ஸ்பெயின் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. கூட்டத்தைத் தடுக்கிறார்கள், சரி. விமானத்தில் ஊர் ஊராகப் போகும் அணியை யார் தடுப்பது?

மார்ச் 6, வெள்ளி

28-வது சுற்று முடிந்தது. பட்டியலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அனடோலு எஃபெஸ் 24 வெற்றி, 4 தோல்வி. ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் 22–6. சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ, மக்காபி டெல் அவிவ் 19–9. பனாதினைகோஸ் 14–14. கிம்கி, ஃபெனர்பாஹ்சே 13–15. இந்த எட்டும் ப்ளே-ஆஃப், அதாவது காலிறுதி இடங்கள். அதற்குக் கீழே ஜல்கிரிஸ், வலென்சியா, ஒலிம்பியாகோஸ், மிலான், பாஸ்கோனியா என்று ஐந்து அணிகள் 12–16-இல் வரிசையாக நிற்கின்றன. ஒரே ஒரு வெற்றி வித்தியாசம். பிறகு செர்வேனா ஸ்வெஸ்தா 11–17, அஸ்வெல் 10–18, ஆல்பா பெர்லின் 9–19. கடைசியில் பயர்ன் மியூனிக்கும் ஜெனித்தும் 8–20.

இந்த ஆண்டுதான் அணிகள் 16-இலிருந்து 18 ஆயின. ஒவ்வொருவரும் மற்ற 17 பேரோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று 34 ஆட்டம். மொத்தம் 306. முடிந்தது 252, பாக்கி 54.

எட்டாம் இடத்துச் சண்டையில் ஒரு நுணுக்கம். வெற்றிகள் சமமானால் மொத்தப் புள்ளி வித்தியாசத்தை முதலில் பார்ப்பதில்லை. சமமான அணிகள் தங்களுக்குள் ஆடியதைத்தான் பார்ப்பார்கள். முதலில் வெற்றி, அதுவும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். உள்ளூரில் 8 புள்ளியில் ஜெயித்த அணி, பதில் ஆட்டத்தில் 7 புள்ளியில் தோற்றாலும் மேலே நிற்கும். முடிந்துபோன ஆட்டத்தின் கடைசி 20 விநாடியில் தோற்கும் அணி ஏன் இன்னும் மூன்று புள்ளி எறிதலுக்கு முண்டியடிக்கிறது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. காரணம் இதுதான்.

எஃபெஸ் பற்றி ஒரு வரி. பயிற்சியாளர் எர்கின் அட்டாமன் பந்தை ஷேன் லார்கின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். நவம்பர் 29 அன்று பயர்னுக்கு எதிராக லார்கின் எடுத்த 49 புள்ளிகள், 2000-க்குப் பிறகான யூரோலீக்கில் இன்றைய தேதிக்கு (2020 மார்ச்) ஒரே ஆட்டத்தின் சாதனை. அதில் 10 கூடைகள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து.

மார்ச் 12, வியாழன்

நிறுத்திவிட்டார்கள். யூரோலீக், அதற்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோகப் இரண்டும்.

நேற்றிரவு அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் ரூடி கோபேருக்குத் தொற்று உறுதியாகி, அவர் ஆடும் என்.பி.ஏ. லீக் நின்றது. இன்று காலை ரியல் மாட்ரிட் கூடைப்பந்து அணியில் ஒருவருக்கு உறுதியானது. வால்டெபெபாஸ் பயிற்சி வளாகத்தை அதே கிளப்பின் கால்பந்து அணியும் பயன்படுத்துகிறது. ஆகவே இரண்டு அணிகளும் தனிமையில்; ஸ்பெயினின் கால்பந்து லீக்கும் சேர்ந்து நின்றது.

ஒரு வீரருக்கு வந்தால் ஏன் மொத்த லீக்கும் நிற்க வேண்டும் என்பதற்கு நாட்காட்டியே பதில். 14 நாள் தனிமை என்றால் இரண்டு மூன்று யூரோலீக் ஆட்டம், கூடவே இரண்டு உள்நாட்டு ஆட்டம் போகும். ஏப்ரலில் அவற்றைச் செருக இடமே கிடையாது; ஏற்கனவே சில வாரங்களில் செவ்வாய்–புதன் ஒரு சுற்று, வியாழன்–வெள்ளி இன்னொரு சுற்று. தவிர, கூடைப்பந்தில் ஒருவரை ஒருவர் தொடாமல் தடுப்பாட்டம் ஏது? 28-க்கு 15 மீட்டர் களத்தில் பத்துப் பேர், அதில் பாதி நேரம் கூடைக்கடியில் தோளோடு தோள்.

மார்ச் 14, சனி

ஷெங்கன் நாடுகளிலிருந்து (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) வருவோருக்கு அமெரிக்கா போட்ட தடை அமலுக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் குடிமக்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் நாளைக்கு விதி எப்படி மாறுமோ என்ற பயத்தில் அமெரிக்க வீரர்கள் கிளம்புகிறார்கள். யூரோலீக் அணிகளில் கார்டு இடத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் அவர்களே. போனவர்களைத் திரும்ப அழைத்துவர எத்தனை விமானமும் எத்தனை நாள் தனிமையும் வேண்டும் என்பதை இப்போதே யாராவது எண்ணத் தொடங்கினால் நல்லது.

லிதுவேனியா நேற்றே உள்நாட்டு லீக்கை முடித்து, முதலிடத்திலிருந்த ஜல்கிரிஸுக்குப் பட்டம் கொடுத்துவிட்டது. ஒரு நாடு, ஒரு சங்கம், ஒரு கையெழுத்து. எளிது.

மார்ச் 24, செவ்வாய்

டோக்கியோ ஒலிம்பிக் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. ஜூன் கடைசி வாரம் ஸ்பிளிட், கவுனாஸ், பெல்கிரேட், விக்டோரியா நகரங்களில் நடக்கவிருந்த தகுதிச் சுற்றுகளும் இல்லை. ஐரோப்பியக் கிளப்புகளுக்கு ஜூலை மாதம் திடீரென்று காலியாகிவிட்டது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ஐரோப்பாவில் வீரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ஓடு முடியும். ஜூலையில் ஆடவேண்டுமென்றால் ஒவ்வொரு வீரரிடமும் நீட்டிப்புக் கையெழுத்து வாங்கவேண்டும். அடுத்த ஆண்டுக்கு வேறு கிளப்போடு பேசிவிட்டவர், பழைய கிளப்புக்காக முழங்காலைப் பணயம் வைப்பாரா?

ஏப்ரல் 15, புதன்

இத்தாலி போன வாரமே, 7-ஆம் தேதி, லீக்கை மூடியது. சாம்பியன் இல்லை. முதலிடத்தில் இருந்தது மிலோஷ் தியோதோசிச் ஆடும் விர்டுஸ் பொலோன்யா. யூரோகப்பிலும் கடைசி எட்டில் இருக்கிறது. அதை வென்றால் யூரோலீக் இடம் கிடைக்கும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்படும் நிலை.

ஜெர்மனி இன்று, ஆகஸ்ட் 31 வரை பெரிய நிகழ்ச்சிகளுக்குத் தடை என்று அறிவித்தது. மே 22 முதல் 24 வரை கொலோன் லாங்க்ஸெஸ் அரங்கில் நடக்கவேண்டிய, கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர், திட்டமிட்ட தேதியில் ரசிகர்களோடு நடக்காது. விளம்பரப் பணம், டிக்கெட் பணம் எல்லாம் குவிவது அந்த மூன்று நாளில்தான்.

மே 11, திங்கள்

துருக்கி லீக்கும் ரத்து. எஃபெஸ், ஃபெனர்பாஹ்சே இரண்டுக்கும் உள்நாட்டில் இனி ஆட்டம் இல்லை. யூரோலீக் ஜூலையில் தொடங்கினால், ஜெர்மன் அணிகள் ஜூனில் உள்நாட்டுப் போட்டி ஆடிவிட்டு வரும் வாய்ப்பு இருக்கிறது; எஃபெஸ் நான்கு மாத இடைவெளியில் நேராகக் களத்தில் இறங்கும்.

மே 17, ஞாயிறு

எல்லா அணிகளையும் ஒரே நகரில் கூட்டி ஜூலைக்குள் முடிப்பது என்பதுதான் மேசையில் இருக்கும் யோசனை. காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

பாக்கி 54. காலிறுதியை ஐந்து ஆட்டத் தொடராக இல்லாமல் ஒற்றை ஆட்டமாக்கினால் 4. ஃபைனல் ஃபோரில் அரையிறுதி இரண்டு, மூன்றாம் இடம், இறுதி என்று 4. ஆக 62. ஓர் ஆட்டம் 40 நிமிடம் என்றாலும் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் துடைப்பது, கிருமிநாசினி, அடுத்த அணிகளின் வார்ம்-அப். நாளுக்கு மூன்றுக்கு மேல் ஒரே களத்தில் முடியாது. லீக் சுற்றுக்கே 18 நாள். ஓய்வும் சேர்த்து எல்லாம் மூன்றரை வாரம்.

ஒரு குழுவுக்கு 30 பேர் என்று வைத்தால் 18 அணிகளுக்கு 540 பேர். நடுவர்கள், மேசை அலுவலர்கள், தொலைக்காட்சி ஆட்கள் தனி. ஓர் அணி நாளுக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி எடுத்தால் மொத்தம் 36 மணி நேரம். ஒரு பயிற்சிக் களம் 12 மணி நேரம் உழைத்தாலும் மூன்று களம் வேண்டும், இடையில் சுத்தம் செய்ய நேரமே விடாமல்.

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் ஆள்பலமும் இருந்தால் தீரும். மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்பது இவர்கள் பழகிய வேகத்தைவிடக் குறைவுதான். சிக்கல் ஆடாத நாட்களில் இருக்கிறது. வீட்டு மாடியில் சைக்கிள் மிதித்தால் மூச்சு பலம் குறையாது. ஆனால் ஓடி வந்து சட்டென நின்று, திசை மாறி, எம்பிக் குதித்து இறங்குவதற்குத் தொடைத் தசையும் குதிகால் தசைநாரும் களத்தில்தான் பழகவேண்டும். குறைந்தது மூன்று வாரம். நாட்டுக்குள் வந்ததும் 14 நாள் தனிமை. ஆக ஐந்து வாரம். ஜூலை முதல் வாரம் தொடக்கம் என்றால் மே முடிவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

18 அணிகள் வருவது 10 நாடுகளிலிருந்து: ஸ்பெயின் 4, ரஷ்யா 3, துருக்கி, கிரீஸ், ஜெர்மனி இரண்டிரண்டு, இத்தாலி, இஸ்ரேல், லிதுவேனியா, செர்பியா, பிரான்ஸ் ஒவ்வொன்று. பத்து எல்லை, பத்து விதி.

முதல் எட்டை மட்டும் கூப்பிடலாமே என்பவர்களுக்கு: 28 சுற்று முடிந்த நிலையில் ஒவ்வோர் அணியும் 11 பேரோடு இருமுறை ஆடியிருக்கிறது, 6 பேரோடு ஒரே முறை. யாருக்கு அந்த ஆறும் பலமானவர்கள், யாருக்கு எளியவர்கள் என்பது அட்டவணையின் அதிர்ஷ்டம். சமநிலையைத் தீர்க்கும் நேருக்கு நேர் விதிக்கும் பதில் ஆட்டம் வேண்டும். பட்டியலை இங்கே வெட்டினால் 12–16 அணிகள் சும்மா இருக்குமா? அந்த ஐந்தில் வலென்சியா தவிர ஜல்கிரிஸ், ஒலிம்பியாகோஸ், மிலான், பாஸ்கோனியா நான்கும் நீண்டகால உரிமம் பெற்ற 11 பங்குதாரர் கிளப்புகளைச் சேர்ந்தவை. முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களே அவர்கள்தான்.

மே 25, திங்கள்

ரத்து. பங்குதாரர் கிளப்புகளின் நிர்வாகக் குழு இன்று முடிவு செய்துவிட்டது. 2019–20-க்கு யூரோலீக் சாம்பியன் இல்லை, யூரோகப் சாம்பியனும் இல்லை. அதே 18 அணிகள் அடுத்த சீசனிலும். விர்டுஸ் பொலோன்யா யூரோகப்பிலேயே இருக்கும்.

முதலிடத்திலிருந்த எஃபெஸுக்குப் பட்டத்தைக் கொடுத்திருக்கலாம் என்ற பேச்சு இனி ஓயாது. உள்நாட்டு லீக்கில் அது நடக்கலாம். இங்கே லீக் சுற்று என்பது எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டி மட்டுமே. முதலிடத்துக்குக் கிடைப்பது காலிறுதியில் உள்ளூர் சாதகம். நல்ல வேளை, கொடுக்கவில்லை. லார்கினின் ஆண்டு வீணாய்ப் போனது என்பது வேறு விஷயம். அது வயிற்றெரிச்சல்தான்.

ஜூன் 30, செவ்வாய்

வலென்சியாவில் ஸ்பெயின் லீக்கின் இறுதி ஆட்டம். பாஸ்கோனியா 69, பார்சிலோனா 67. கடைசிக் கூடை லூக்கா வில்டோசாவுடையது. யூரோலீக்கில் 12–16-இல் கிடந்த அணி பார்சிலோனாவை வீழ்த்திப் பட்டம் வாங்கியிருக்கிறது.

12 அணிகள், ஆறாறாக இரண்டு பிரிவு, 30 ஆட்டம், பிறகு ஒற்றை அரையிறுதிகள், இறுதி. மொத்தம் 33, எல்லாம் 14 நாளில், ஒரே அரங்கில், ரசிகர் இல்லாமல். மியூனிக்கில் ஜெர்மனியும் 10 அணிகளை வைத்து ஜூன் 6 முதல் 28 வரை நடத்தி முடித்தது. ஆல்பா பெர்லின் சாம்பியன். அப்படியானால் யூரோலீக்கால் ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் எல்லைகளை எண்ணிப் பார்க்கட்டும். இங்கே அன்டோரா ஒன்றைத் தவிர எந்த அணியும் ஆட்டத்துக்காக நாட்டு எல்லையைத் தாண்டவேண்டியிருக்கவில்லை. அணிகளையும் அவர்கள் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ள முடிந்தது.

அக்டோபர் 1, வியாழன்

புது யூரோலீக் சீசன் தொடங்கிவிட்டது. மறுபடியும் 34 சுற்று. இந்த முறை கையேட்டில் ஒரு புது எண்: 8. தொற்று இல்லாத வீரர் எட்டுப் பேராவது இருந்தால் ஆடியே தீரவேண்டும். அதற்குக் குறைந்தால் 20–0 தோல்வி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இது நெடுநாள் தாங்காது. ஒரே விமானத்தில், ஒரே பேருந்தில் போகிறவர்கள் ஒன்பது பேராக ஒரே வாரத்தில் விழுவது அபூர்வமா என்ன?

அக்டோபர் 4, ஞாயிறு

போன சீசன் இன்றுதான் ஒரு போட்டிக்கு முடிந்தது. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் சாம்பியன்ஸ் லீக், மார்ச்சில் நின்றதை ரத்து செய்யாமல் இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்தது. ஏதென்ஸ் ஓ.ஏ.கே.ஏ. அரங்கில் எட்டு அணிகள், ஐந்து நாள், மூன்றாம் இடத்தையும் சேர்த்து எட்டே ஆட்டம். இறுதியில் ஸ்பெயினின் சான் பாப்லோ புர்கோஸ் 85, ஏதென்ஸின் ஏ.இ.கே. 74. சொந்த ஊர், சொந்த அரங்கு. ஆனால் காலி இருக்கைகள் ஏ.இ.கே.வுக்கு என்ன உதவி செய்யும்? சிறந்த வீரர் புர்கோஸின் தாட் மெக்ஃபாடன்.

யூரோலீக்கின் 62 ஆட்டத்தை நகர்த்த இடமில்லை. 8 ஆட்டத்தைப் புது சீசனின் வாசலில் வைத்துவிட முடிந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு. கோடையில் கை மாறிய வீரர்களைப் பதிவு செய்ய அனுமதித்ததால், மார்ச்சில் ஆடிய அணியும் இன்று ஆடிய அணியும் ஒன்றல்ல. 2019–20 பட்டத்துக்காக இன்று ஓடியவர்களில் சிலர் அந்த சீசனில் வேறு கிளப்பின் சட்டை போட்டிருந்தவர்கள்.