சியாங் மாய் ராத்திரிகள்: கிழமை பார்த்து, மணி பார்த்து

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் ராத்திரி 11 மணிக்குக் குளித்து, சட்டை மாற்றிக் கிளம்பினால் கையில் மிச்சம் இருப்பது ஒரு மணி நேரம்தான். பாங்காக்கிலும் பட்டாயாவிலும் நாலு நாள் சுற்றிவிட்டு அதே பழக்கத்தோடு வடக்கே வருகிறவர்கள் முதல் நாளே ஏமாறுவது இதில்தான். ‘செத்த ஊருப்பா’ என்று அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊர் செத்திருக்காது. சாயங்காலம் 5 மணிக்கே ஆரம்பித்து, இவர்கள் வந்து சேர்வதற்குள் கடையைக் கட்டிக்கொண்டிருக்கும்.

காரணம், உரிமம். நாம் பார் என்று நினைத்து உட்காருகிற கடைகளில் முக்கால்வாசி, காகிதத்தில் உணவகம். அவை 12 மணிக்கு மது ஊற்றுவதை நிறுத்தியாக வேண்டும். 2023 டிசம்பர் 15 முதல் பாங்காக், புக்கெட், பட்டாயா இருக்கும் சோன்புரி, கோ சமுய், சியாங் மாய் ஆகிய இடங்களில் விடியற்காலை 4 மணி வரை திறந்திருக்க அரசாங்கம் அனுமதித்தது உண்மை. ஆனால் அது கேளிக்கை விடுதி என்று தனி உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும். பழைய நகரத்துச் சின்ன பார்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன் சில்லறைக் கடைகளிலும் 12 மணி அடித்தால் பீர் கிடையாது. ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை.

அதனால் இந்த ஊருக்குத் திட்டம் போடும்போது ‘எங்கே’ என்பதற்கு முன் ‘என்றைக்கு, எத்தனை மணிக்கு’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, செவ்வாய் மூன்றும் உள்ளே வருகிற மாதிரி வைத்தால் நாலு ராத்திரி போதும். புதன், வியாழன், வெள்ளி மட்டும் என்று வந்தால் ஊரின் பாதியைத் தவறவிடுவீர்கள்.

முதலில் ஊர் வரைபடம். மெங்ராய் மன்னர் 1296இல் நிறுவிய பழைய நகரம் கிட்டத்தட்டச் சதுரம். சுற்றிலும் அகழி, பக்கத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். கிழக்கே தா பே வாயில், வடக்கே சாங் பூயெக், தெற்கே சியாங் மாய் வாயில், மேற்கே சுவான் டோக். தா பேயிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் நைட் பஜார். அதையும் தாண்டினால் பிங் ஆறு. மேற்கே, அகழிக்கு வெளியே, பல்கலைக்கழகத்தை ஒட்டி நிம்மன் பகுதி. ராத்திரி விஷயத்துக்காக மட்டும் அறை எடுப்பதென்றால் தா பே வாயிலுக்குப் பக்கத்தில் எடுங்கள். பாதி இடங்களுக்கு நடந்தே போய்த் திரும்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை, ராட்சதம்னோன் சாலை. தா பே வாயிலிலிருந்து வாட் பிரா சிங் கோயில் வரை ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகளை நிறுத்திவிட்டுச் சந்தை போடுகிறார்கள். குறுக்குச் சந்துகளிலும் கடைகள் வழியும். ஐந்தரைக்குள் உள்ளே போய்விட வேண்டும். ஏழரை மணிக்கு மேல் இங்கே நடப்பது கிடையாது, கூட்டம் நம்மை நகர்த்திக்கொண்டு போகும். சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 6 மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் கிளம்பும். சட்டியைக் கிளறிய கரண்டி அப்படியே நிற்கும். மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் நோட்டைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்பார். சாலை நடுவே வரிசையாக உட்கார்ந்து வாசிக்கும் பார்வையற்ற இசைக்கலைஞர்களும் வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நீங்களும் அசையாமல் நில்லுங்கள், கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓட வேண்டாம். பாட்டு முடிந்ததும் மொத்தத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வரும்.

சாப்பாட்டுக்குத் தெருவில் நின்று முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வழியிலுள்ள சில கோயில்களின் முற்றங்களில் உணவுக் கடைகள் இருக்கின்றன, உட்கார இடமும் கிடைக்கும். வாட் பான் ஓன் முற்றம் நல்ல தேர்வு. கோயில் வளாகம் என்பதால் பீர் டப்பாவோடு நுழையாதீர்கள். வாங்க வேண்டியதைத் திரும்பும் வழியில் வாங்கலாம் என்று விட்டால் கதை கந்தல். அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது நடக்காத காரியம். பேரம் உண்டு, ஆனால் சிரித்துக்கொண்டே பத்து இருபது பாத் குறைப்பதோடு சரி. பாதி விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சனிக்கிழமைச் சந்தை தெற்கு வாயிலுக்கு வெளியே, வுவா லாய் சாலையில். வெள்ளிப் பட்டறைக்காரர்களின் தெரு அது. ஞாயிற்றுச் சந்தையைவிடச் சின்னது, நெரிசலும் குறைவு. எனக்குக் கேட்டால் இதுதான் மேல். பக்கத்திலேயே வாட் சீ சுபான், வெள்ளியும் அலுமினியமும் தகடடித்த கோயில், ராத்திரி விளக்கில் நிறம் மாறி மாறி மின்னும். அந்த வெள்ளி மண்டபத்துக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை, வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை முன்பே சொல்லி வைத்துவிட்டால் வாசலில் மனத்தாங்கல் வராது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வடக்கு வாயிலுக்குப் போங்கள். நார்த் கேட் ஜாஸ் கோ-ஆப் என்பது அகழியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கடை அளவு இடம். தினமும் இசை உண்டு, செவ்வாயன்று மட்டும் யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து சேர்ந்து வாசிக்கலாம். ஊரில் தங்கியிருக்கும் வெளிநாட்டு வாத்தியக்காரர்களும் உள்ளூர்ப் பையன்களும் முறைபோட்டு மேடையேறுவார்கள். சில சமயம் பிரமாதமாக இருக்கும், சில சமயம் மூன்று கிட்டார்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது மரியாதை, காணிக்கைக் குவளை வந்தால் ஏதாவது போட வேண்டும். எட்டரைக்கு உள்ளே இருந்தால் நாற்காலி. ஒன்பதரைக்கு மேல் நடைபாதைதான். நடைபாதையில் நிற்பதில் குறை ஒன்றும் இல்லை, முன்பக்கம் திறந்தே இருப்பதால் சத்தம் நன்றாகவே வரும். மோட்டார் சைக்கிள்கள் முதுகை உரசிக்கொண்டு போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருவதற்கு முன் சாப்பாட்டை எதிரே முடித்துக்கொள்வது வசதி. அகழியைக் கடந்து வடகரைக்குப் போனால் சாங் பூயெக் ராத்திரிச் சந்தை. கௌபாய் தொப்பி போட்ட அம்மா ஒருவர் பன்றிக்கால் சோறு போடும் வண்டிக்கடை இங்கேதான். காவ் கா மூ என்று பெயர். சோயாவிலும் பட்டை, அன்னாசிப்பூ வகையறாவிலும் மணிக்கணக்காக வெந்த கறியைக் கத்தியால் பொடிப்பொடியாகத் தட்டிச் சோற்றின் மேல் பரப்பி, பாதி முட்டையும் கடுகுக்கீரை ஊறுகாயும் வைப்பார்கள். தனியாக வரும் மிளகாய்-பூண்டுக் காடிச் சாற்றை ஊற்றாமல் சாப்பிட்டால் வெறும் கொழுப்பாகத்தான் தெரியும். ஊற்றினால்தான் அந்தச் சோறு முழுமை. வரிசை நீளமாகத் தெரிந்தாலும் சீக்கிரம் நகரும்.

பன்றிக்கறி ஆகாதவர்கள் நைட் பஜார் பக்கம் போகலாம். யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம்களின் பான் ஹாவ் பள்ளிவாசல் இருக்கும் சந்தில் ஹலால் கடைகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ஊரின் பேர்போன காவ் சோய், அதாவது தேங்காய்ப்பால் கறிக்குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ், மதிய உணவு. நல்ல கடைகள் பல சாயங்காலத்துக்குள் மூடிவிடும். ராத்திரிக்கென்று அதை ஒத்திவைக்காதீர்கள்.

சைவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். காய்கறி மட்டும் என்று சொன்னால் காய்கறிதான் வரும், மீன் சாற்றில் வதங்கி. ‘கின் ஜே’ என்று சொல்லுங்கள். ஜே என்றால் மீன் சாறு, சிப்பிச் சாறு, முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட இல்லை. ஜே கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும், அதில் சிவப்பில் 17 என்று எழுதியது போல ஓர் எழுத்து. அவற்றிலும் பல பகலோடு மூடுகிறவை. எனவே ராத்திரிச் சந்தையில் நம்பிச் சாப்பிடக்கூடியது மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும், சுட்ட சோளம், பழச்சாறு. வயிறு நிறைய வேண்டுமென்றால் தா பே, நைட் பஜார் பக்கத்து இந்திய உணவகங்களில் ஒன்று.

ஆடத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு உலகங்கள். ஒன்று பழைய நகருக்குள், ராட்விதி சாலையில் ஸோயி இன் யெல்லோவைச் சுற்றி முற்றமாகத் திறந்து கிடக்கும் பார்கள். முதுகுப்பைக்காரர்களின் கூடாரம். பத்து மணிக்குச் சூடு பிடித்து 12 மணிக்கு விளக்கைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே விற்பது ‘பக்கெட்’. பிள்ளைகள் மணல் விளையாடும் வாளியில் ஐஸ், கோலா, க்ராதிங் டேங் என்னும் சக்தி பானம், அதன் மேல் உள்ளூர் ரம். கால் லிட்டருக்கு மேல் சாராயம் ஒரே வாளியில் போகலாம். சர்க்கரை ருசியை மறைக்கும், கஃபீன் தள்ளாட்டத்தை மறைக்கும், எழுந்து நிற்கும்போதுதான் கணக்குத் தெரியும். மூன்று நான்கு பேருக்கு ஒரு வாளி என்று வையுங்கள்.

இன்னொன்று நிம்மன். வார்ம் அப் கஃபே போன்ற இடங்களில் கூட்டம் தாய் மாணவர்கள். முதலில் மேடைக் குழு, அப்புறம் டிஜே. தனியாக ஆடுதளம் தேடாதீர்கள். உயரமான மேசையைச் சுற்றி நின்று அங்கேயே ஆடுவதுதான் வழக்கம். ஆளுக்கு ஒரு காக்டெயில் என்று வாங்குவது இங்கே வீண். ஒரு பாட்டில், ஐஸ் வாளி, சோடா என்று ஒரே செட்டாக வாங்கி, நாலு பேர் பங்கு போட்டால் மலிவு. பக்கத்து மேசைக்காரர் கிளாஸை நீட்டினால் உங்கள் கிளாஸை லேசாகத் தட்டுங்கள், நட்பு ஆரம்பித்துவிடும். நுழையும்போது வயது பார்ப்பார்கள், மது வயது 20. அசல் பாஸ்போர்ட் கேட்டால் கைப்பேசிப் படம் செல்லாமல் போகலாம். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு போய்த் திரும்பி வராதீர்கள்.

நைட் பஜாருக்கு அருகே லொய் குரோ சாலை. பெண்கள் வாசலில் நின்று கூப்பிடும் பார்கள். போவதும் போகாததும் அவரவர் விருப்பம், ஆனால் கணக்கு எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் முன்னால் ஒரு சின்னக் குவளை வைப்பார்கள். ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு சீட்டு சுருட்டி அதில் செருகுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பெண் குடிக்கும் ‘லேடி டிரிங்க்’ உங்கள் சீட்டில்தான் ஏறும், அதன் விலையும் உங்கள் பீரைவிட அதிகம். சீட்டு செருகப்படும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பாருங்கள், அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசியில் பார்த்துச் சண்டை போட்டால்தான் சிக்கல். கூரையில் மணி ஒன்று தொங்கும், கயிறு கைக்கெட்டும். விளையாட்டுக்குக்கூட இழுக்காதீர்கள். மணி அடித்தவர் அந்த பாரில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு சுற்று வாங்கித் தர வேண்டும்.

முய் தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டை பார்ப்பதென்றால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் கூவுவதை நம்பி அவசரப்பட வேண்டாம், வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். போட்டிகள் 9 மணி வாக்கில் ஆரம்பிக்கும். சின்னப் பையன்களில் தொடங்கி, பெரிய ஆட்டம் கடைசிக்குப் பக்கத்தில் வரும். 3 நிமிடம் வீதம் 5 சுற்று. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் குருவை வணங்கி ஆடும் வாய் க்ரூவைத் தவறவிடாதீர்கள். ஊதுகுழலும் மத்தளமும் அப்போது மெதுவாகப் போகும், அடி விழ விழ வேகம் எடுக்கும். வளையத்தை ஒட்டிய நாற்காலிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அரங்குகள் சின்னவை, பின்வரிசையிலிருந்தே உதை விழும் சத்தம் கேட்கும்.

போக்குவரத்தில் ஒரு நுணுக்கம். அகழியின் இரு கரைச் சாலைகளும் ஒருவழி. வெளிக்கரையில் கடிகாரச் சுற்று, உள்கரையில் எதிர்ச்சுற்று. கிராப் அல்லது போல்ட் செயலியில் வண்டி கூப்பிடும்போது தப்பான கரையில் நின்றால், இருநூறு அடி தூரத்தில் தெரியும் வண்டி அகழியை வளைத்துக்கொண்டுதான் வர வேண்டும். போகிற திசை பார்த்துக் கரை மாறி நின்று கூப்பிடுங்கள். சொங்தேவ் என்னும் சிவப்புப் பகிர்வு வண்டிகளில் பகலில் விலை கேட்காமல் ஏறலாம். ராத்திரி 10 மணிக்கு மேல் அதே வண்டி தனி வாடகை ஆகிவிடும், ஏறுவதற்கு முன் பேசிவிட வேண்டும். வாடகை ஸ்கூட்டரில் மட்டும் குடிக்கப் போகாதீர்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம்தான் எல்லை, ராத்திரிச் சோதனையும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குச் செல்லும் உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். இ-சிகரெட் இந்த நாட்டில் சட்டவிரோதம், பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

மாதமும் முக்கியம். இங்கே ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று நன்றாக இருக்கும், டிசம்பரில் 15 டிகிரி வரை இறங்குவதால் மேல்சட்டை ஒன்று தேவை. பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை சுற்றுவட்டாரத்தில் வயல்களும் காடுகளும் எரிகிற காலம். புகையில் தோய் சுதேப் மலையே மறைந்துவிடும், மாடி பார்களுக்குக் கொடுக்கும் காசு தண்டம். மாக்கா பூச்சா, விசாகா பூச்சா, அசல்ஹா பூச்சா, காவ் பன்சா, ஓக் பன்சா ஆகிய புத்தமத நாட்களில் சின்ன பார்கள் மூடிக் கிடக்கும். தேதி சந்திர நாட்காட்டிப்படி மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். மூடியிருந்தாலும் இவற்றில் முதல் மூன்று நாட்களில் கோயில்களில் மெழுகுவர்த்தியோடு மூன்று முறை வலம் வருவார்கள். அதற்கு உரிமமும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

12 மணிக்கு எல்லாம் அணைந்த பிறகு பசித்தால், ராத்திரி வெகுநேரம் இருக்கும் காவ் தோம் கஞ்சிக் கடை எது என்று விடுதிக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள். அதுவும் இல்லையென்றால் செவன் இலெவன். குளிர்பெட்டியிலிருந்து சீஸ் ரொட்டியை எடுத்துக் கொடுத்தால் இயந்திரத்தில் அழுத்திச் சூடாக்கித் தருவார்கள். முதல் கடியிலேயே உருகிய சீஸ் உதட்டைச் சுடும், ஒரு நிமிடம் பொறுத்துக் கடியுங்கள்.