சனியின் கடிகாரம்

வியாழன் ரேடியோ அலைகளில் பேசினால் என் மொட்டை மாடி டைபோல் ஆன்டெனாவுக்கே கேட்டுவிடும். 20.1 மெகாஹெர்ட்ஸில், அக்கம்பக்கத்து எல்இடி பல்புகளின் இரைச்சல் அடங்கிய பிறகு உட்கார வேண்டும், அவ்வளவுதான். வியாழனின் காந்த அச்சு சுழல் அச்சிலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்திருப்பதால், 9 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை அதே முகம் நம் பக்கம் திரும்புகிறது. ஐஓ நிலவு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எப்போது கேட்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எனக்குப் பித்துப் பிடிக்க வைப்பது சனிதான். அதன் அலைகள் கிலோமீட்டர் நீளமானவை. நம் அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேலே உள்ள மின்னேற்ற அடுக்கு, அவற்றை உள்ளே விடாது. விண்கலம் போய்த்தான் கேட்க வேண்டும். வாயேஜர் 1980இல் கேட்டது: 10 மணி 39 நிமிடம் 24 நொடிக்கு ஒருமுறை அலை வலுத்தது. அதுவே சனியின் ஒரு நாள் என்று பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. 2004இல் காசினி போனபோது கிட்டத்தட்ட 10 மணி 45 நிமிடம் 45 நொடி! 24 வருடத்தில் அவ்வளவு பெரிய கோளின் ஒரு சுழற்சி 6 நிமிடம் நீளவா செய்யும்?

சனியின் காந்த அச்சும் சுழல் அச்சும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று. முறைப்படி பார்த்தால் இந்த ஏற்ற இறக்கமே இருக்கக் கூடாது. அப்புறம் இன்னொரு குழப்பம்: சனியின் வடபாதியில் எழும் அலைக்கு ஒரு காலம், சுமார் 10.6 மணி, தென்பாதி அலைக்கு வேறொன்று, 10.8 மணி. 2009 ஆகஸ்டில் சூரியன் சனியின் நடுக்கோட்டுக்கு நேரே வந்த பிறகு இரண்டும் நெருங்கி, 2010 வாக்கில் ஒன்றையொன்று தொட்டன.

சனியின் நிலவான என்சிலடஸ் கக்கும் நீராவி காந்தப்புலத்தை இழுத்துத் தாமதப்படுத்துகிறது என்று ஒரு தரப்பு சொன்னது. ஆனால் பருவத்தோடு மாறுகிறதே? துருவத்து மேல் வளிமண்டலக் காற்றுதான் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது என்ற விளக்கத்தின் பக்கம்தான் நான். 2017இல் கெக் தொலைநோக்கியால் பார்த்த துருவ ஒளியும் அதற்கே சாட்சி சொல்கிறது.

சரி, உண்மையான நாள் எவ்வளவு? சனியின் உள் அதிர்வுகள் வளையங்களில் எழுப்பும் அலைகளை வைத்து 2019இல் கணக்கிட்டார்கள்: 10 மணி 33 நிமிடம் 38 நொடி, ஒன்றிரண்டு நிமிடம் முன்பின். ரேடியோ சொன்ன எந்தக் கணக்கோடும் ஒட்டவில்லை.