சமாதானம் பண்ணும் இனிப்பு வேர்

சீன மருத்துவக் கஷாயம் ஒன்றின் செய்முறையை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் கடைசியில் கான்சாவ் என்று ஒரு பெயர் இருக்கும். 'கான்' என்றால் இனிப்பு, 'சாவ்' என்றால் புல். பெயர்தான் புல், மருந்தாவதென்னவோ வேர். நாம் அதிமதுரம் என்கிறோமே, அதன் பங்காளி. சுமார் 1,800 வருடத்துக்கு முன் சாங் சோங்சிங் என்ற வைத்தியர் எழுதிய ஷாங் ஹான் லுன் என்ற மருத்துவ நூலில் 113 மருந்துக் கூட்டுகள் என்றால், அதில் 70-இல் இது இருக்கிறது.

ஏன் இத்தனை இடத்தில்? அங்கே ஒரு கூட்டில் சேரும் மூலிகைகளை அரசர், அமைச்சர், உதவியாளர், தூதர் என்று வரிசைப்படுத்துவார்கள். கான்சாவுக்குப் பெரும்பாலும் தூதர் வேலைதான், கடுமையான மருந்துகளின் கோபத்தைத் தணித்து எல்லாரையும் ஒத்துப்போக வைப்பது. ஆனால் பட்டப்பெயர் மட்டும் 'குவோலாவ்', நாட்டின் மூத்தவர்!

பச்சையாகப் போட்டால் இருமலுக்கும் தொண்டைவலிக்கும் மருந்து. தேனில் வறுத்தால் வயிற்றுக்கும் தெம்புக்கும் என்று பயனே மாறிவிடுகிறது. 100 கிலோ வேருக்கு 25 கிலோ காய்ச்சிய தேன், கையில் ஒட்டாத பதம் வரும்வரை வறுக்க வேண்டும். மஞ்சளாக, நடுவிலிருந்து கதிர் போலக் கோடு ஓடும் வில்லைகள் பழுப்பேறிப் பளபளக்கும். வெண்பியோனி என்ற பூச்செடியின் வேரோடு சரிபாதி சேர்த்தால் கெண்டைக்கால் பிடிப்புக்கு, ரெண்டே பொருள், எனக்குப் பிடித்த கூட்டு இதுதான்.

இனிப்பாக இருக்கிறதே என்று தினமும் டீ போட்டுக் குடிக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். இதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள், கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் நொதியின் கையைக் கட்டிவிடுகிறது, அப்புறம் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ள, ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். சீன மருந்தளவு நூலே நாளுக்கு 2 முதல் 10 கிராம் என்றுதான் சொல்கிறது. பிபி மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இத்தனை பேரைச் சமாதானப்படுத்துகிறவருக்கே ஒத்துவராத நாலு பேர் உண்டு, சேர்க்கவே கூடாது என்று பழைய பட்டியலில் இருக்கிறது. அதில் ஒன்று ஹாய்சாவ் என்ற கடற்பாசி. ஆனால் கழுத்துக் கழலைக்கான ஒரு பழைய கூட்டில் அந்தப் பாசியையும் கான்சாவையும் வேண்டுமென்றே ஒரே பானையில் போட்டிருக்கிறார்கள், அது சரியா தப்பா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.