க்ரீப்: ஒருத்தர் கெடுக்கப் போய் அமைந்த பாட்டு

போன சனிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் நடைபாதையில் இரண்டு தம்பிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையில் கிட்டார், இன்னொருத்தர் கஹோன் பெட்டிமேல் உட்கார்ந்து தட்டுகிறார். ஒரு மலாய்ப் பாட்டு, ஒரு ராஜா பாட்டு, அப்புறம் இங்கிலாந்து ராக் குழுவான ரேடியோஹெட்டின் 'க்ரீப்'. முதல் கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) விழுந்ததுமே என் பக்கத்தில் நின்ற பொண்ணு கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள். இருபது வயதுகூட இருக்காது. பாட்டு வெளிவந்தது 1992 செப்டம்பரில்.

எனக்கு இது அண்ணன் மூலமாக வந்தது. செந்தூல் ஃப்ளாட்டில், வீட்டுக் கேசட்டுகளுக்கு நடுவே அந்தக் குழுவின் முதல் ஆல்பமான 'பாப்லோ ஹனி' ஒன்று கிடக்கும். அண்ணன் அதில் இந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். இங்கிலீஷ் பாதி புரியாத வயதிலேயே, தனக்கு இங்கே இடமில்லை என்று ஒருத்தன் சொல்கிறான் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பாட்டு முழுக்க நாலே கார்டுதான். ஜி, பி, சி, சி மைனர். இதையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள், சரணத்துக்கு ஒன்று பல்லவிக்கு ஒன்று என்றெல்லாம் கிடையாது. பிறகு ஏன் சலிக்கவில்லை என்றால், அதற்குள் ஓடும் ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் பாட்டு கற்றுக்கொண்ட என் அக்காதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், பஞ்சமத்தில் தொடங்கி சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம் என்று ஏறி, மறுபடி சுத்த தைவதம் தொட்டுப் பஞ்சமத்துக்கே இறங்கிவிடுகிறது. எழுந்து நிற்கப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிடுகிற மாதிரி. சி மேஜர் மைனராக மாறும் அந்த நொடியில் நெஞ்சு கொஞ்சம் தாழும் பாருங்கள், அதற்குக் காரணம் இந்த அரைப்படி இறக்கம்தான். (ஹோலீஸ் குழுவின் 1974 ஹிட் ஒன்றின் சாயல் இருக்கிறது என்று அந்தப் பாட்டை எழுதிய இருவரின் பெயரும் பிறகு 'க்ரீப்' எழுதியவர்கள் பட்டியலில் சேர்ந்தது. அது நியாயம்தான்.)

இன்னொன்று, பல்லவிக்கு முன்னால் வரும் அந்த முரட்டு கிட்டார் சத்தம். குழுவின் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட்டுக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. ரொம்ப அமைதியாகப் போகிறதே என்று கிட்டாரை ஓங்கி அடித்தார். பாட்டைக் கெடுக்கத்தான் அடித்தார் என்று அதே குழுவின் எட் ஓ'பிரையன் சொல்லியிருக்கிறார். அந்த அடி இல்லாமல் இன்று இந்தப் பாட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

முதலில் வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் 78ஆம் இடம், பிபிசி ரேடியோ 1க்கு இது ரொம்பச் சோகமாகப் பட்டது. இஸ்ரேல் வானொலியில் பிடித்துக்கொண்டது, பிறகு அமெரிக்கா, கடைசியில் 1993இல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டனிலேயே 7ஆம் இடம். அதற்குள் குழுவுக்கே அலுத்துவிட்டது, பிற்காலத்தில் பல வருஷம் மேடையில் தொடவே இல்லை, 2016 சுற்றுப்பயணத்தில்தான் மீண்டும் எடுத்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எத்தனையோ நல்ல பாட்டு செய்த பிறகும் எல்லோரும் முதல் பாட்டையே கேட்டால் யாருக்கும் வலிக்கும். ஆனால் 2008இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா மேடையில் பாப் பாடகர் பிரின்ஸ் இதைப் பாடினாரே, அப்போதே இது ஊருக்குப் பொதுவாகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

புக்கிட் பிந்தாங் தம்பியிடம் எலக்ட்ரிக் கிட்டார் இல்லை. அந்த இடம் வந்ததும் இடது கையால் தந்திகளை அமுக்கிக்கொண்டு, வலது கையால் ஓங்கி ஒரு அறை. கஹோன்காரரும் அதே நேரம் பெட்டியை அடித்தார். கூட்டம் மொத்தமும் ஒரு சத்தம் போட்டது, பாருங்கள், எனக்குக் கை சிலிர்த்துவிட்டது.

முடிந்ததும் கிட்டார் பையில் பத்து ரிங்கிட் போட்டுவிட்டு, இதை அடிக்கடி வாசிப்பீர்களா என்று கேட்டேன்.

"யாராவது கேட்காத ராத்திரியே இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே தம்பி தந்தியை ட்யூன் செய்ய ஆரம்பித்தார்.